இடஞ்சுழி

புதிய அலைத்தடுப்புச் சுவர் வந்தபிறகு
ஸ்கார்ஹேவன் துறைமுகத்தை விட்டு வெளியேற
இடப்பக்கம் கால் வட்டம் திரும்பினால் போதும்.
அபர்டீனிலிருந்து வந்த பொறியாளர்
வரைபடத்தில் சிவப்பு அம்புக்குறியே போட்டுத் தந்தார்.

அலிக் ஃப்ளெட் அந்த அம்பை மதிக்கவில்லை.
கயிற்றை அவிழ்த்ததும் வலப்பக்கம் ஒடித்து
ஐஸ் ஆலை, மீன்சந்தைக் கூரை, என் ஜன்னல் என்று
முக்கால் வட்டம் சுற்றித்தான் வாயிலுக்குப் போவார்.
நான்கு நிமிடம்.
டீசல் விற்கிற விலைக்கு
மருமகன் கல்லம் பல்லைக் கடிப்பது
கண்ணாடிக்கு இப்பால் எனக்கே கேட்கும்.

'விடர்ஷின்ஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார்.
சூரியன் போகும் போக்குக்கு எதிராகப்
படகும் போகாது, சவப்பெட்டியும் போகாது,
அவர் வீட்டில் ஜேமிசினாவின் கஞ்சித் துடுப்பும் போகாது.

இரவுப் பணி எனக்கு.
வானொலியின் கரகரப்பைக் கேட்டபடி
அகராதி புரட்டுவேன்.
ஷின்ஸ் என்றால் சூரியன் என்றே நினைத்திருந்தேன்.
இல்லையாம். வழி.
வழிக்கு எதிர், அவ்வளவுதான்.
வடகடலின் அக்கரையிலிருந்து
உப்பும் கயிறுமாக வந்த சரக்கோடு
இறங்கியிருக்க வேண்டும்.
பழைய காலத்தில் தலைமயிருக்குக்கூடச் சொன்னார்கள்,
பயத்தில் படியாமல் நட்டுக்கொள்ளும் மயிருக்கு.
சூரியனைப் பிற்பாடு யாரோ ஏற்றிவிட்டார்கள்.

அலிக்கிடம் சொன்னேன்.
"அகராதி எழுதினவன் கடலுக்குப் போயிருக்கானா?" என்றார்.

ஜனவரி. காலை ஐந்தேகால்.
சூரியன் வர இன்னும் மூன்றரை மணி நேரம்.
சுவருக்கு வெளியே கிட்டிவேக் படகிலிருந்து குரல்:
பையன் தண்ணீரில்.
டூகல். பதினேழு வயது.
மீட்புப் படகை அழைத்துக்கொண்டே எட்டிப் பார்க்கிறேன்.
அலிக் கயிற்றை அவிழ்க்கும் நேரம்கூட எடுக்கவில்லை,
கத்தியால் வெட்டினார்.
படகின் மூக்கு
இடப்பக்கம் விழுந்தது.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.
பிடரி மயிர் ஒவ்வொன்றும் எதிர்த்து நின்றது.
அகராதியில் படித்தது
அப்போதுதான் விளங்கியது எனக்கு.

ஏழு நிமிடம் கழித்துக் கல்லம்:
"கிடைச்சிட்டான். மூச்சு இருக்கு."
நான் ஏதோ பதில் சொன்னேன்.
என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மற்றது கல்லம் பிறகு சொன்னது.
மாமா வாய் திறக்கவில்லையாம்.
ஃபிளாஸ்க்கைத் தொடைகளுக்கிடையில் இடுக்கி
மூடியை இடமாகத் திருகினாராம்.
இத்தனை வருடம் அப்படித்தான் திறந்திருக்கிறது,
யாரும் கவனித்ததில்லை.
டீக்கோப்பையின் விளிம்பில்
பையனின் பற்கள் மணியடித்தனவாம்.

பதிவேட்டில் நேரம் எழுதினேன். காற்று எழுதினேன்.
திரும்பிய திசைக்கும் ஒரு கட்டம் உண்டு.
அலிக் ஈரக் கையுறையைக் கழற்றாமல்
மேசையருகே வந்து நின்றார்.
"அதை எழுதித்தான் ஆகணுமா?"
"விதி அப்படி."
ஜன்னலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.
"அப்ப பென்சில்ல எழுது."

மறுநாள் விடியுமுன்
நேற்றைய பாக்கியையும் சேர்த்து
வலமாக ஒன்றே முக்கால் வட்டம் சுற்றினார்.
கல்லம் பல்லைக் கடிக்கவில்லை.
மீன்சந்தைக் கூரைமேல் கடற்புறாக்கள்
முதல் சுற்றில் எழுந்து
இரண்டாவதில் உட்கார்ந்தன.

என் ஜன்னல் வடக்கு பார்த்தது.
மேகமில்லாத இரவுகளில்
துருவத்தைச் சுற்றி நட்சத்திரங்கள்
மொத்தமாக இடப்பக்கமே நகர்கின்றன,
ஆறு மணிப் பணியாள் வந்து
என்னை எழுப்பி அனுப்பும்வரை.

இதை நான் அலிக்கிடம் சொன்னதில்லை.